மருந்து மணக்கட்டும்

"பைப் தண்ணி மருந்து மணக்குது, வாயில வைக்க ஏலாது." மட்டக்களப்பு நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்தக் குறையைக் கேட்காத நாள் இல்லை. சொல்பவர்கள் படிக்காதவர்கள் அல்லர். ஆசிரியர்கள் சொல்கிறார்கள், வங்கி அலுவலர்கள் சொல்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் எல்லோரையும்விட உரத்துச் சொல்கிறார்கள். சொன்ன கையோடு வசதியுள்ளவர்கள் கடையில் போத்தல் தண்ணீர் வாங்குகிறார்கள்; வசதியில்லாதவர்கள் வளவுக் கிணற்றில் வாளியை இறக்குகிறார்கள். "எங்கட கிணத்துத் தண்ணி இளநீர் மாதிரி" என்ற பெருமை வேறு.

அந்த மருந்து மணத்துக்காக வாதாடவே இதை எழுதுகிறேன். மணக்கிற தண்ணீரைக் கண்டு நான் அஞ்சவில்லை. மணந்துகொண்டிருந்த தண்ணீர் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் மணக்காமற் போவதற்கே அஞ்சுகிறேன். அந்த மணத்தை நாள்தோறும் அளந்து ஏட்டில் எழுதிவிட்டு, அந்த ஏட்டை மக்கள் கண்ணிற் காட்டாமல் வைத்திருக்கும் வழக்கத்துக்கு அதைவிட அதிகம் அஞ்சுகிறேன்.

முதலில் இளநீர்க் கிணறுகளைப் பார்ப்போம். மட்டக்களப்பின் எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்மேடு. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் உவர்நீர் வாவி. இரண்டுக்கும் நடுவே மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் உள்ள உப்பு நீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்துகொண்டிருக்கிறது. நம் கிணறுகள் அள்ளுவது அந்தப் படலத்தைத்தான். மணல் மழைநீரை விரைவாக உள்வாங்குவதுபோலவே மலக்குழியின் கசிவையும் விரைவாக உள்வாங்கும். காத்தான்குடியைப் போல நாட்டிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர் ஒன்றில், ஒரு வீட்டின் மலக்குழிக்கும் அடுத்த வீட்டின் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி இருக்கும் என்று நீங்களே அளந்து பாருங்கள். களுதாவளைப் பக்கத்து மணல் தோட்டங்களில் இடும் யூரியாவும் அதே மணல் வழியாகத்தான் இறங்குகிறது. மலத்தின் கிருமிக்கு நிறமில்லை, நைத்திரேற்றுக்குச் சுவையில்லை. கிருமியையாவது கொதிக்க வைத்துக் கொல்லலாம். நைத்திரேற்று கொதித்தாற் போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். பாற்புட்டியில் மாக் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்குத்தான் அதனால் ஆபத்து அதிகம். நாவுக்கு இனிப்பது வயிற்றுக்கும் நல்லது என்ற நம்பிக்கை இந்த மண்ணிற் பிழைத்துப் போகிறது.

இந்தப் படலம் எவ்வளவு மெல்லியது என்பதை 2004 டிசெம்பர் 26 நமக்குக் காட்டியது. கடல் ஏறிவந்து கரையோரக் கிணறுகளை எல்லாம் உப்பாக்கிப் போயிற்று. கிணற்றை இறைத்தால் உப்புப் போய்விடும் என்று நல்ல மனத்தோடு வந்த உதவியாளர்கள் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். மேலிருந்த கொஞ்ச நன்னீரும் போய், அடியிலிருந்த உப்பு மேலே ஏறியது. கடைசியில் கிணறுகளைக் கழுவியது மோட்டார் அல்ல, அடுத்தடுத்து வந்த மாரி மழை. அதுவரை பவுசருக்கு முன்னால் வாளியும் கலனும் வரிசை பிடித்தன. அந்த வரிசையில் நின்றவர்களுக்குக் குழாய் நீரின் அருமை தெரியும். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

இனிக் குழாய்க்கு வருவோம். மட்டக்களப்பு நகரின் குழாய் நீர் படுவான்கரையிலிருந்து வருகிறது. உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வாவியைக் கடந்து நகருக்குள் நுழைகிறது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு 2003இல் திட்டமிடப்பட்ட வேலை இது. 2007 வரை படுவான்கரையின் பெரும் பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. எழுவான்கரை நகரம் அரசின் கையில். நடுவே சோதனைச் சாவடி. தண்ணீர் அந்தச் சாவடியைக் கடந்து வருவதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பது தனிக் கதை.

குளத்தில் இருப்பது மழையும் மண்ணும் மாட்டுச் சாணமும் பாசியும் வயல் மருந்தும் கலந்த நீர். அது குடிநீராவது ஒரே மந்திரத்தால் அல்ல. அடுத்தடுத்து நிற்கும் ஐந்தாறு காவலர்களால். முதற் காவலன் படிகாரம். கலங்கல் நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையை மட்பானையின் உட்புறத்தில் உரைத்த நம் முன்னோர்கள் செய்ததும் இதே வேலைதான். நீரில் மிதக்கும் நுண்மண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பவை. படிகாரம் அந்தத் தள்ளலை நீக்க, அவை ஒட்டித் திரண்டு பஞ்சு போலாகி அடியில் படிகின்றன. எவ்வளவு படிகாரம் என்பது கலங்கலைப் பொறுத்தது. மாரியில் குளம் கலங்கும்போது ஓர் அளவு, கோடையில் பாசி பிடிக்கும்போது வேறோர் அளவு. ஆய்வுகூடத்தில் வரிசையாகக் கண்ணாடிக் குவளைகளை வைத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு இட்டுக் கலக்கி, எது நன்றாகத் தெளிகிறது என்று பார்த்துத்தான் அன்றைய அளவைத் தீர்மானிக்க வேண்டும். இந்தச் சின்ன வேலையை ஒருவர் சோம்பலில் தவறவிட்டால் அதன் விலையை ஒரு நகரம் கொடுக்கும்.

படிந்ததை விட்டு மேல்நீர் மணல் வடிகட்டிக்குச் செல்கிறது. மணல், தெளிவுக்காக மட்டும் வைக்கப்பட்டதல்ல. குளோரினுக்குச் சாகாத சில உயிர்கள் உண்டு. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வடிகட்டியைத் தாண்டிச் சென்று நான்கு லட்சம் பேரளவில் நோயாளிகளாக்கியது. அங்கும் குளோரின் இருந்தது, கோட்டைவிட்டது வடிகட்டி. கலங்கல் மிஞ்சினால் கிருமிகள் துகள்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். குளோரின் அவற்றைத் தொடாது. குளோரின் இடும் முன் கலங்கல் 1 என்ற அலகுக்குக் கீழே இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் காரணம் அதுதான்.

கடைசிக் காவலன்தான் நீங்கள் மணக்கிறது என்று திட்டுகிற குளோரின். அது குறைந்தது முப்பது நிமிடம் நீரோடு நிற்க வேண்டும். நின்ற பிறகும் லீற்றருக்கு அரை மில்லிகிராமாவது மிச்சமிருக்க வேண்டும். அந்த மிச்சம் குழாய்களில் கிலோமீற்றர் கணக்கில் பயணித்து, உங்கள் வீட்டுக் குழாயில் திறக்கும்போது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலைய வாசலில் நீர் எவ்வளவு தூயதாக இருந்தாலும், நகரத்துக்குள் ஓடும் குழாய் நீருக்குக் காவல் வேண்டும். மின்சாரம் நின்று இறைப்பு நின்றால் குழாயின் அழுத்தம் விழும். அழுத்தம் விழுந்த குழாய், வெடிப்பு எங்கிருக்கிறதோ அங்கே வெளியிலுள்ள அழுக்கை உறிஞ்சும். 2022இல் நாடு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் இருளில் கிடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி உள்ளே வந்ததை வழியில் மறித்துக் கொல்வதற்கு மிச்சக் குளோரினைத் தவிர வேறு ஆள் இல்லை.

இன்னொன்று. நீரில் மலக்கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். கிருமியை வளர்த்துத்தான் எண்ண முடியும். "100 மில்லி லீற்றரில் ஈ.கோலை இல்லை" என்ற அறிக்கை உங்கள் கைக்கு வரும்போது அந்தத் தண்ணீரை ஊர் குடித்து முடித்திருக்கும். ஆனால் மிச்சக் குளோரினை அளக்க ஒரு சிறு குழாயும் ஒரு வில்லையும் சில நிமிடமும் போதும். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். மாறாவிட்டால் காவலன் செத்துவிட்டான் என்று பொருள். அதுவே இந்தக் கணத்தில் கேட்கக் கூடிய ஒரே சாட்சி. உங்கள் மூக்கு லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான குளோரினையே கண்டுபிடித்துவிடும். உடல்நலம் கருதி உலக சுகாதார நிறுவனம் இட்ட எல்லையோ ஐந்து மில்லிகிராம். மணம் பிடிக்காவிட்டால் ஒரு மண்பானையில் ஊற்றி மூடி, சில மணி நேரம் வைத்துக் குடியுங்கள். அதற்காகக் காவலனை வேலையிலிருந்து நீக்கும்படி கேட்காதீர்கள்.

"குளோரின் புற்றுநோய் தருமாமே" என்று இணையத்தில் படித்தவர்கள் கேட்பார்கள். நீரில் இலைதழைச் சத்து மிஞ்சியிருக்கும்போது குளோரினோடு சேர்ந்து சில தீய பொருள்கள் உண்டாவது உண்மை. அதற்கு மருந்து, குளோரின் இடும் முன்பே அந்தச் சத்தை நன்றாக நீக்குவது. பின்பு அளந்து பார்ப்பது. குளோரினை நிறுத்துவதல்ல. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய ஒரு சிறு ஆபத்துக்கு அஞ்சி, நாளை வரக்கூடிய வயிற்றோட்டத்தையும் நெருப்புக்காய்ச்சலையும் வீட்டுக்கு அழைப்பது புத்தி அல்ல.

இதுவரை மக்களோடு சண்டை பிடித்தேன். இனி நீர் வழங்கல் சபையோடு.

கனடாவில் ஒன்ராறியோ மாநிலத்தில் வோக்கர்ட்டன் என்று ஒரு சிறிய ஊர். ஸ்காபரோவில் வாழும் நம்மவர்கள் காரில் சில மணி நேரத்தில் போய்வரலாம். 2000 மே மாதம் கடும் மழையில் பண்ணையொன்றின் சாணக் கழிவு அந்த ஊரின் கிணறொன்றுக்குள் கசிந்தது. ஏறக்குறைய ஐயாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் ஏழு பேர் இறந்தார்கள். 2300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். விசாரணை செய்த நீதிபதி டெனிஸ் ஓ'கோனர் 2002இல் முடித்த அறிக்கை, நீர் வழங்குவோர் எல்லோரும் படிக்க வேண்டிய ஒன்று. அந்த ஊரில் குளோரின் இடும் கருவி இருந்தது. அளவை எழுதும் ஏடும் இருந்தது. ஏட்டில் எல்லாம் சரியாகவே எழுதப்பட்டிருந்தது. அளக்காமலே எழுதினார்கள்! மணம் பிடிக்கவில்லை என்று ஊரார் முறையிட்டதும் குளோரினைக் குறைத்ததற்கான காரணங்களில் ஒன்று. பணக்கார நாடு, படித்த மக்கள், சட்டம் எல்லாம் இருந்தும், ஏட்டைத் திறந்து பார்க்க வெளியாள் இல்லாததால் ஏழு உயிர்கள் போயின. ஒன்ராறியோ அதே ஆண்டில் புதிய குடிநீர்ச் சட்டம் கொண்டுவந்தது.

மட்டக்களப்பில் யாரும் ஏட்டைப் பொய்யாக எழுதுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சபையின் பொறியியலாளர்களும் ஆய்வுகூட அலுவலர்களும் வெள்ளத்திலும் எரிபொருள் இல்லாத நாட்களிலும் வேலைக்குப் போனவர்கள். என் கேள்வி வேறு. அவர்கள் சரியாகச் செய்கிறார்கள் என்பதை நான் எப்படி அறிவது? மாதாமாதம் வீட்டுக்கு வரும் பட்டியலில் எத்தனை அலகு, எத்தனை ரூபாய், எத்தனை நிலுவை என்று இருக்கிறது. 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் கட்டணம் உயர்ந்தபோது அந்த எண்கள் மிகத் துல்லியமாக மாறின. அந்த மாதம் என் தெருக் குழாயில் எத்தனை மாதிரி எடுத்தார்கள், எத்தனை தேறின, மிச்சக் குளோரின் எவ்வளவு என்ற எண் ஒன்றுகூட அதில் இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு நீர் வழங்குநரும் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை முடிவுகளை வாடிக்கையாளர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1990களின் இறுதியிலிருந்து சட்டம். இங்கிலாந்தில் குடிநீரைச் சோதிப்பதற்கென்றே ஒரு தனி அரச அமைப்பு 1990 முதல் இயங்குகிறது. நம் நாட்டில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை 2002இல் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். தண்ணீரும் அதன் பட்டியலில் இருந்தது. இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் தண்ணீர் மீதான அதிகாரம் அதன் கைக்கு வந்து சேரவில்லை. பரீட்சை எழுதுகிறவரே திருத்தி, அவரே புள்ளியிட்டு, புள்ளித்தாளையும் அவரே வைத்துக்கொண்டால் அந்தப் பிள்ளை கெட்டிக்காரனாகவே இருந்தாலும் ஊர் நம்புமா?

நம்பாது. நம்பாத ஊர் என்ன செய்யும் என்பதை இதே நாடு இருமுறை காட்டிவிட்டது. 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி ரத்துபஸ்வலவில் தங்கள் கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று வீதிக்கு வந்த சிங்கள மக்கள்மீது இராணுவம் சுட்டது, மூவர் இறந்தார்கள். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது ஒரு குழு ஆபத்தில்லை என்றது, இன்னொரு சோதனை உண்டு என்றது. தாய்மார்கள் யாரை நம்புவது என்று அறியாமல் நின்றார்கள். உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி மின்னுற்பத்தி நிறுவனத்தை 20 மில்லியன் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லும்வரை அந்தக் குழப்பம் நீண்டது. இரண்டு இடத்திலும் எண்களை முதல்நாளே வெளியே வைத்திருந்தால் வதந்திக்கும் துப்பாக்கிக்கும் இவ்வளவு இடம் கிடைத்திராது.

"முடிவுகளை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள்" என்பது அலுவலகங்களில் வழமையாகச் சொல்லப்படும் பதில். பத்திரிகைத் தொழிலில் இருந்த இத்தனை ஆண்டுகளில் இந்தப் பதிலை எல்லாத் திணைக்களங்களிலும் கேட்டிருக்கிறேன். சுவரில் ஒட்டிய எண்ணால் பீதி வந்ததை நான் கண்டதில்லை. மூடிய கதவால் வந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். "செலவாகும்" என்பது அடுத்த பதில். எண்கள் ஏற்கெனவே ஏட்டில் உள்ளன. பட்டியலின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அச்சுமை தவிர என்ன செலவு?

தண்ணீரின் காவல் குழாயில் தொடங்குவதில்லை, குளத்தில் தொடங்குகிறது. உன்னிச்சையைச் சுற்றியுள்ள கிராமங்கள், எங்கள் ஊர்த் தண்ணீர் நகரத்துக்குப் போகிறது, எங்களுக்கு வரவில்லை என்று நெடுங்காலம் முறையிட்டன. இது நீதியின் பிரச்சினை என்று எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்பின் பிரச்சினையும்கூட என்பது பலருக்குத் தெரியாது. குளத்தங்கரையில் மாடு மேய்ப்பவரும், குளத்துக்கு நீர்வரும் ஓடைக்கு அருகே வயலுக்கு மருந்தடிப்பவரும் அதே நீரைக் குடித்தால்தான் குளத்தைத் தம் வீட்டுப் பானைபோல் பார்ப்பார்கள். குடிக்கக் கிடைக்காதவரிடம் போய், கழுவாதே, கொட்டாதே என்று சொல்ல எந்த முகத்தோடு போவது? எழுவான்கரையின் தாகத்தைத் தீர்ப்பது படுவான்கரையின் கண்காணிப்பு. அதற்கு நாம் கொடுக்க வேண்டிய முதல் விலை அவர்கள் வாசலிலும் ஒரு குழாய்.

போத்தல் தண்ணீரில் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 2018 செப்டெம்பரில் பெரிய புல்லுமலையில் அமையவிருந்த போத்தல் தண்ணீர்த் தொழிற்சாலைக்கு எதிராக மட்டக்களப்பு கடையடைத்து ஹர்த்தால் செய்தது. நிலத்தடி நீரை உறிஞ்சி விற்காதே என்றோம். சரியான போராட்டம். ஹர்த்தால் முடிந்து கடை திறந்ததும் வேறோர் ஊரின் நிலத்தடி நீரைப் போத்தலில் வாங்கிக் குடித்தோம் என்றால் அந்தப் போராட்டத்துக்கு என்ன பொருள்? வசதியுள்ளவர் பொதுக் குழாயைக் கைவிடும் நாளில், அந்தக் குழாய்க்காகச் சத்தம் போடக் கூடிய குரலும் போய்விடும். எஞ்சுவது ஏழையின் குழாய். ஏழையின் குழாயை எந்த அரசும் கவனித்ததாக வரலாறு இல்லை.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. ஒன்று: ஒவ்வொரு மாதப் பட்டியலின் பின்புறத்திலும் அந்தப் பகுதியின் மிச்சக் குளோரின், கலங்கல், ஈ.கோலை முடிவுகளைத் தமிழில் அச்சிட வேண்டும். இரண்டு: மாதிரி தவறினால், தவறிய அன்றே, கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று பள்ளிவாசல், கோவில், தேவாலய ஒலிபெருக்கிகளிலும் கைத்தொலைபேசியிலும் அறிவிக்க வேண்டும். மூன்று: பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் எடுக்கும் மாதிரிகளின் முடிவுகளைச் சபையின் முடிவுகளுக்குப் பக்கத்திலேயே வெளியிட வேண்டும், இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று ஊர் பார்க்கட்டும். நான்கு: கிணறுகளை மூடச் சொல்லவில்லை, ஆனால் குடிப்பதற்குப் பயன்படும் கிணறுகளில் நைத்திரேற்றைச் சோதித்து வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். ஐந்து: உன்னிச்சையைச் சுற்றியுள்ள வீடுகளில் ஒன்றுகூடக் குழாய் இல்லாமல் இருக்கக் கூடாது.

இவை எல்லாம் கேட்டால் கிடைக்காது என்று சலித்துக்கொள்பவர்கள் கவனிக்க: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் கீழ் ஒரு தாளில், "என் பகுதியில் சென்ற பன்னிரண்டு மாதங்களில் எடுக்கப்பட்ட குடிநீர் மாதிரிகளின் முடிவுகளைத் தருக" என்று எந்தக் குடிமகனும் எழுதிக் கொடுக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. ஒருவர் கேட்டால் கோப்பில் போடுவார்கள். ஒரு தெருவுக்கு ஒருவர் கேட்டால் அச்சடிப்பதே இலகு என்று முடிவு செய்வார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருந்து ஊருக்கு வடிகட்டி அனுப்பும் உறவுகள், அந்தப் பணத்தில் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குக் குளோரின் அளக்கும் சிறு கருவிகளை அனுப்பலாம். ஒவ்வொரு காலையும் ஒரு மாணவி பள்ளிக் குழாயில் அளந்து கரும்பலகையின் மூலையில் எழுதட்டும். அப்போது சபையின் ஏட்டுக்குப் பக்கத்தில் ஊரின் ஏடு ஒன்றும் இருக்கும்.

2011 ஜனவரி வெள்ளத்தையும், 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் நாடெங்கும் கொண்டுவந்த பேரழிவையும் பார்த்துவிட்டோம். அடுத்த வெள்ளம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. வரும் என்பது மட்டும் தெரியும். வெள்ளம் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் உள்ள வேறுபாட்டை அழித்துவிடும். அந்த நாளில் நம் பிள்ளைகளுக்கும் நோய்க்கும் நடுவே நிற்கப்போவது ஒரு லீற்றருக்கு ஒரு சிட்டிகைகூட வராத அந்த மருந்துதான். அதன் மணத்தைச் சகித்துக்கொள்வோம்; அதன் கணக்கை விடாமல் கேட்போம்.